விழித்திரையில் தங்கம்

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் காவலாளி தலையைச் சொறிவார். தங்கம் டாக்டர் என்று கேட்டால் போதும், கை தானாக நீளும். நேராகப் போய், மருந்துக் கடையைத் தாண்டினால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கதவைத் திறந்தால் உள்ளே அரையிருட்டாக இருக்கும். தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று நோயாளி தயங்கும்போது ஒரு குரல் வரும்.

"வாங்க, வாங்க. சரியான இடம்தான். நேரா வந்தா நாற்காலி."

வழியில் ஒரு முக்காலி இருப்பதை அந்தக் குரல் வேண்டுமென்றே சொல்லாது. கதவிலிருந்து நாற்காலி வரை ஒருவர் நடந்து வருவதைக் காதால் கேட்டே தங்கம் பாதி நோயைச் சொல்லிவிடுவாள். நடுப்பார்வை போனவர்கள் விறுவிறுவென்று வந்து, நாற்காலியைச் சரியாகப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் அவள் முகத்தைத் தேடுவார்கள். ஓரப்பார்வை போனவர்கள் முக்காலியில் இடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால், லென்ஸைக் கையில் எடுப்பதற்கு முன் அவள் சற்று கண்ணை மூடிக்கொள்வாள். கடவுளை வேண்டிக்கொள்கிறாள் என்று மாணவர்கள் நினைத்தார்கள். யாரும் கேட்டதில்லை. கேட்டால் கடிப்பாள் என்று ஒரு பேச்சு இருந்தது.

கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுதான் விழித்திரை. ஈரமான வெங்காயத் தோலைவிட மெல்லியது. அது பட்டுப்போனால் முன்னால் இருக்கும் கண் எவ்வளவு அழகாக இருந்தாலும் சும்மா. அந்தச் சவ்வைப் பார்ப்பது, கிழிந்தால் ஒட்டுவது, அதைப் பற்றி எழுதுவது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. இந்த நாலுக்குள்ளேயே தங்கத்தின் ஆயுளில் பெரும்பகுதி போய்விட்டது.

பெயர் வந்த கதையை அந்த ஆஸ்பத்திரியில் அறியாதவர் கிடையாது.

கண் மருத்துவத்தில் மேல்படிப்புப் படிப்பவர்கள் முதலில் பார்த்துப் பழகுவது ஒருவர் கண்ணை ஒருவர்தான். மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, உள்ளே இருக்கும் ஆரஞ்சு நிற நிலத்தைத் தேட வேண்டும். ஆரம்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. லென்ஸில் தன் மூக்குதான் தெரியும். அதனால் அசையாமல், சிமிட்டாமல், திட்டாமல் உட்காரக்கூடிய ஒரு ஆள் எல்லா வகுப்புக்கும் தேவை. அந்த வகுப்பில் அது அவள்தான்.

முதலில் பார்த்தவள் மைனா. வாய் ஓயாமல் பேசுவதால் வந்த பெயர். அவளே ஒருநாள் திடீரென்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஏய், இவ கண்ணுக்குள்ள தங்கம் இருக்குடி."

"உளறாத. உன் வளையல் மினுங்கியிருக்கும்."

"நான் வளையலே போடல. நீ வந்து பாரு."

வகுப்பே வரிசை கட்டிப் பார்த்தது. உண்மைதான். ஆரஞ்சு நிலத்தின் நடுவே, யாரோ தங்கப்பொடியை விரலால் தொட்டு இழுத்துவிட்ட மாதிரி ஒரு மினுமினுப்பு. விளக்கை நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது. அப்போதைய பேராசிரியர் கண்புரை எடுப்பதில் மன்னர், மற்ற எல்லாவற்றிலும் அவசரக்காரர். எட்டிப் பார்த்தவர், "சில பேருக்கு அப்படித்தான் மினுங்கும். அழகா இருக்கில்ல? சரி, அடுத்த கண்ணைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அவள் தங்கம். கல்யாணத்துக்கு வந்த தோழிகள் மாப்பிள்ளையிடம், "நகை போடலன்னு வருத்தப்படாதீங்க, உள்ளேயே போட்டு அனுப்பியிருக்கோம்" என்றார்கள். இயற்பியல் வாத்தியாரான மாப்பிள்ளை, இதற்குச் சிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்.

அவள் விழித்திரைப் பிரிவை எடுத்ததற்குத் தாய்மாமாவும் ஒரு காரணம் என்று சொல்லலாம். ஆனால் அப்போது அது அவளுக்கே தெரியாது.

மாமா குடிகாரர் என்று ஊரே சொன்னது. பகலில் தங்கமான மனுஷன், விளக்கு வைத்தால் ஆள் மாறிவிடுவார் என்பார்கள். சாயங்காலமானால் கதவில் இடிப்பார், வாளியில் காலை விடுவார், எதிரில் வருகிறவர்மேல் போய் விழுவார். "பொழுது சாஞ்சா போதும், என் தம்பிக்கு ஏறிடும்" என்று அவளுடைய அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்வாள். அவர் வாயில் ஒருநாளும் யாரும் வாடை பிடித்ததில்லை. ஆனாலும் அதுதான் வசதியான காரணமாக இருந்தது. ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட பள்ளத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. விசாரிக்க வந்தவர்கள், "குடிச்சிருந்தாரா?" என்று கேட்டார்கள். வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அதோடு முடிந்தது.

தங்கம் படித்து முடித்து, சிறப்புப் பயிற்சி முடித்து, அதே ஆஸ்பத்திரிக்கு ஆசிரியையாகத் திரும்பினாள். பிரிந்துபோன விழித்திரையை ஒட்டுவதில் அவள் கையைப் பார்த்து மற்றவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் பேர் வாங்கித் தந்தது அது அல்ல. ஒட்டவும் முடியாத, மருந்தும் இல்லாத, குடும்பம் குடும்பமாக வரும் நோய்களைத்தான் அவள் தேடிப் போனாள். அண்ணன் வந்தால் தம்பியைக் கூட்டிவரச் சொல்வாள், தம்பி வந்தால் தாயை. வம்சப் படம் வரைந்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பார்வை போனவர்களுக்குக் கருப்பு என்று நிரப்பிக்கொண்டே போவாள். மாநாடுகளில் அவள் அடிக்கடி பேசும் விஷயம் ஒன்றே ஒன்று: குணப்படுத்த முடியாவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். வண்டி ஓட்டாமல் இருக்க, வேலையை மாற்றிக்கொள்ள, கல்யாணத்துக்கு முன் யோசிக்க, அவர்களுக்குக் காலம் வேண்டும். "சொல்லாம விடுறது இரக்கம் இல்ல. உங்க கோழைத்தனத்துக்கு நீங்க வச்சுக்கிற நல்ல பேரு" என்று மாணவர்களிடம் சொல்வாள். அவர்கள் அதை எழுதிக்கொள்வார்கள்.

ஒரு தாய் ஒருமுறை எழுந்துபோகும்போது சொன்னாள்: "உங்களுக்கென்ன டாக்டர், சொல்லிட்டு அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவீங்க."

"ஆமா" என்றாள் தங்கம். "அடுத்தவங்களுக்கும் கண்ணு இருக்கு."

இந்தப் பதிலையும் மாணவர்கள் பெருமையாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அப்போது அவளுடைய ஒரே மகன் செருப்பை மாற்றிப் போட்டுக்கொள்ளும் வயதில் இருந்தான். ஒருநாள் காலை ஒரு தாய் இரண்டு பையன்களோடு வந்தாள். பெரியவன் முக்காலியில் இடித்தான். சின்னவன் தாண்டி வந்தான். பெரியவன் கண்ணுக்குள் பார்த்தபோது ஆரஞ்சு நிலத்தின் ஓரமெல்லாம் கரி அப்பியிருந்தது. மரப்பட்டையில் பூச்சி அரித்த தடம் போல அந்தக் கருப்பு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. பெயர் தெரிந்த நோய்தான். முதலில் இருட்டில் தெரியாமல் போகும், பிறகு இரண்டு பக்கமும் மூடும், கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம் மட்டும் மிஞ்சும். அதுவும் எத்தனை நாளைக்கென்று யாராலும் சொல்ல முடியாது.

வழக்கப்படி தாயின் கண்ணையும் பார்த்தாள். உள்ளே நடுவில், விரலால் தொட்டு இழுத்த மாதிரி, தங்கப்பொடி.

"ஒண்ணும் இல்லையே டாக்டர்? எனக்கு நல்லாத் தெரியும்."

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் தங்கம். அவளுடைய குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது.

பாடப்புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருந்தது. தாய்க்கு நோய் வராது, அவள் சுமப்பவள், அவளுடைய விழித்திரையில் உலோகம் போல ஒரு மினுமினுப்பு இருக்கலாம், அவளுக்குப் பிறக்கும் மகன்களில் பாதிப் பேருக்குப் பார்வை போகும். அந்த வரியை அவளும் படித்திருந்தாள். அந்த மினுமினுப்புக்கு, 'ரிஃப்ளெக்ஸ்' என்று முடியும் ஒரு நீளமான ஆங்கிலச் சொல் உண்டு. அதை உருப்போட்டு, பரீட்சையில் எழுதி, முழு மதிப்பெண் வாங்கியிருந்தாள். மைனாவும் எழுதினாள். வகுப்பே எழுதியது. படிப்பு ஒரு மொழியிலும் கிண்டல் இன்னொரு மொழியிலும் நடந்துகொண்டிருந்ததில், அந்தச் சொல்லும் இந்தப் பெயரும் ஒரே பொருள்தான் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. நோயின் அடையாளத்தைச் சொல்லித்தான் அவளை இத்தனை காலமும் எல்லாரும் செல்லமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மதியம், கண்ணைப் படம் எடுக்கும் அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, தானே முகவாயைத் தாங்கியில் வைத்து, கையை நீட்டிப் பொத்தானை அழுத்தினாள். நாலைந்து படம் கோணலாக வந்தது. அடுத்தது சரியாக வந்தது. திரையில் தெரிந்ததை நின்றுகொண்டே பார்த்தாள். அழித்தாள். அப்புறம்தான் மாமாவின் ஞாபகம் வந்தது. வாடை இல்லாத குடிகாரர்.

அன்று வீட்டுக்குப் போனபோது மகன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். தூக்கினாள். மற்ற தாய்மார்கள் போல அவளும் அவனை "தங்கம்" என்று கொஞ்சுவது வழக்கம். அன்று வாய் திறந்தது, சொல் வரவில்லை. அதற்கப்புறம் அவனை அவள் "கண்ணா" என்றும் கூப்பிடவில்லை. "டேய்" என்பாள். "இங்க வாடா" என்பாள். என்ன அம்மா இது, தலைமைக் காவலர் மாதிரி என்று கணவர் கேலி செய்தார்.

இரண்டில் ஒன்று. இந்தப் பக்கமும் விழலாம், அந்தப் பக்கமும் விழலாம். அவன் கண்ணுக்குள் ஒரே ஒரு முறை பார்த்தால் தெரிந்துவிடும். அவள் பார்க்கவில்லை. பார்த்து என்ன செய்யப்போகிறோம், மருந்தா இருக்கிறது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். இதே கேள்வியை மற்றவர்கள் கேட்டபோது அவள் சொன்ன பதில்கள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன.

பார்ப்பதற்குப் பதிலாக விளக்கு போட்டாள்.

முதலில் மாடிப்படியில். பிறகு குளியலறைக்குப் போகும் வழியில், பின்கட்டில், வாசலில், கேட்டில், அலமாரிக்குள். தெரு விளக்கு எரியவில்லையென்றால் நகராட்சிக்குப் போன் போட்டு அவர்கள் வந்து மாற்றும்வரை விடமாட்டாள். "இந்த வீட்ல இருட்டு எப்படி இருக்கும்னு எனக்கு மறந்தே போச்சு" என்றார் கணவர். "பசங்களுக்கு நிழல் பத்திப் பாடம் எடுக்கணும்னா பக்கத்து வீட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போகணும்." அவள் சிரித்தாள். வீட்டில் இருட்டே இல்லையென்றால், மகனுக்கு இருட்டில் தெரிகிறதா இல்லையா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வராது.

மகன் வளர்ந்தான். கட்டட வரைபடம் வரையும் வேலை. கம்ப்யூட்டர் திரையில் முடி கனக் கோடு விலகினாலும் பிடித்துவிடுவான். "அம்மா கண்ணு அப்படியே வந்திருக்கு" என்று அலுவலகத்தில் சொல்வார்களாம். ஆனால் பக்கத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவான். திறந்து கிடக்கும் அலமாரிக் கதவில் நெற்றியை இடித்துக்கொள்வான். கை குலுக்க நீட்டினால் கவனிக்காமல் நிற்பான், திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்குவான். சினிமாவுக்குப் போனால் விளக்கு அணைவதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும் அவனுக்கு. "எழுத்து போடுறதிலிருந்து பாக்கணும், இல்லன்னா படமே வேணாம்" என்பான். அது அவனுடைய கொள்கை என்று எல்லாரும் நம்பினார்கள். அவனும் நம்பினான். மற்றவர்களுக்கும் இருட்டு இப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தான். அடுத்தவர் இருட்டுக்குள் நுழைந்து பார்த்தவர் யார்?

தங்கம் மட்டும் ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையில் நின்றபடி, கூடத்தில் தம்ளர் விழும் சத்தத்தை. அவனை ஒருநாளும் தன் ஆஸ்பத்திரி அறைக்கு வரவிட்டதில்லை. எப்போதாவது வந்தால், "வாசல்லயே இரு, நான் வர்றேன்" என்பாள்.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் வங்கியில் வேலை பார்ப்பவள், வாயாடி. வந்த புதிதில், "அத்தை, இது வீடா, துணிக்கடையா? தூங்குறதுக்குக் கண்ணாடி போட்டுக்கணும் போல" என்றாள். ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே போவாள். தங்கம் பின்னாலேயே போய்ப் போட்டுக்கொண்டு வருவாள். இரண்டு பேருக்கும் நடுவில் நடந்த ஒரே சண்டை அதுதான். மருமகள் ஜெயித்தாள். வீட்டுக்குள் இருட்டு திரும்பி வந்தது.

பழைய வகுப்புத் தோழர்கள் எல்லாரும் கூடியது அதற்கப்புறம்தான். ஒரு ஓட்டலின் நீளமான மேஜை, சுற்றிலும் நரைத்த தலைகள், அத்தனை பேரும் கண் டாக்டர்கள். மைனா எழுந்து நின்று தொடங்கிவிட்டாள்.

"இவளுக்கு ஏன் தங்கம்னு பேரு, யாருக்காவது தெரியுமா? எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான் சொல்லுவேன். நான்தானே முதல்ல கண்டுபிடிச்சேன். லென்ஸைப் புடிக்கிறேன், உள்ள பாத்தா நகைக்கடை. நடுவுல அப்படியே பொன் பூசின மாதிரி, லைட்டை ஆட்டினா கூடவே ஆடுது, அது வந்து, அந்த மாதிரி ரிஃப்ளெக்ஸை நாம..."

மைனா நடுவாக்கியத்தில் பேச்சை நிறுத்தி யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் அடுத்த சொல்லுக்காகச் சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் மெதுவாக உட்கார்ந்தாள். "வயசாயிடுச்சுடி இவளுக்கு, மறந்துட்டா" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்து அடங்கியது.

கை கழுவும் இடத்தில் மைனா பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்குப் பையன்தானே?"

"ம்."

"நான் கண்புரையைத் தவிர எதையும் பாக்கிறதில்ல. எல்லாம் மறந்துபோச்சு. நான் தப்பாச் சொல்றேனா?"

"தப்பில்ல."

"எப்பத்திலிருந்து தெரியும் உனக்கு?"

தங்கம் கையில் சோப்பைத் தேய்த்தாள்.

"அவன் கண்ணைப் பாத்துட்டியா?"

"இல்ல."

"ஏண்டி?"

"பாக்காத வரைக்கும் பாதி இருக்கு" என்றாள் தங்கம். "பாத்துட்டா ஒண்ணுதான் இருக்கும்."

மைனா குழாயை மூடினாள். "நீயா பேசுற? உன் சொற்பொழிவைக் கேட்டுட்டு என் கிளினிக்ல எத்தனை பேருக்கு எழுதி அனுப்பியிருக்கேன் தெரியுமா. நீ பாக்கலன்னா நான் வந்து பாப்பேன். விருந்தாளியா வந்து, டார்ச்சை எடுத்து, சோபாவுலயே பாப்பேன்."

அவள் செய்யக்கூடியவள்தான். ஆனால் அதற்கு அவசியம் வரவில்லை. அடுத்த வாரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகன் தானாக ஒன்று சொன்னான். மருமகள் அப்போது நிறைமாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தாள். மலைமேல் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டில் சில நாள் இருந்துவிட்டு வர ஆசை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து சாயங்காலமே கிளம்பிவிடலாம் என்றான்.

"இருட்டிடுமே" என்றார் அப்பா. "மலைப்பாதை. எனக்கே இப்பெல்லாம் சிரமம்."

"அதுக்கு ஒரு வழி இருக்குப்பா. முன்னாடி போற வண்டியோட சிவப்பு லைட்டைப் புடிச்சுக்கணும். அது திரும்பினா நாமளும் திரும்பணும், அது நின்னா நிக்கணும். ராத்திரியில நான் அப்படித்தான் ஓட்டுறேன். எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவாங்க."

"முன்னாடி வண்டி இல்லன்னா?" என்று தங்கம் கேட்டாள்.

"ஓரமா நிறுத்தி, அடுத்த வண்டி வர்ற வரைக்கும் காத்திருப்பேன்."

"பெரிய கில்லாடி" என்று மருமகள் அவன் தோளில் இடித்தாள். "அந்த வண்டி பள்ளத்துல விழுந்தா நாமளும் கூடவே போய் விழணும், இல்ல?" எல்லாரும் சிரித்தார்கள். தங்கம் தட்டோடு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மகனுக்குப் போன் செய்தாள். "மலை ஏறுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணைக் காட்டிட்டுப் போ."

"என்னம்மா திடீர்னு? எனக்குக் கண்ணு இருக்கிறது இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

"ஆமா. இப்பதான் வந்துச்சு. வா."

அவன் வந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. முக்காலியை எடுத்துவிடலாமா என்று யோசித்து அதன் மேல் கையும் வைத்தாள். எடுக்கவில்லை. கதவு திறந்தது.

"அம்மா? இருக்கியா? என்ன இது, பேய் பங்களா மாதிரி."

"நேரா வந்தா நாற்காலி" என்றாள்.

இரண்டு அடி. மூன்று அடி. முக்காலி உருண்டு சுவரில் போய் மோதியது.

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மருந்து விட்டாள். கண்மணி விரியும்வரை அவன் அலுவலகக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான், அவள் ம் கொட்டிக்கொண்டிருந்தாள். பிறகு விளக்கை மாட்டிக்கொண்டு அவன் நெற்றிமேல் குனிந்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று ஒரு நினைப்பு வந்து போனது. லென்ஸை நிறுத்தினாள்.

ஓரமெல்லாம் கரி. அரித்த தடங்கள் நடுவை எட்டிப் பிடிக்க இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. ரத்தக்குழாய்கள் நூலாகியிருந்தன. நடுவில் ஒரு சின்ன ஆரஞ்சுத் தீவு மட்டும் பத்திரமாக இருந்தது. முடி கனக் கோட்டைப் பிடிப்பது அதுதான். அடுத்த கண்ணையும் பார்த்தாள். அதே கதை.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

அவள் விளக்கை அணைத்து, நாற்காலியை இழுத்து அவனுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். மற்ற எல்லாருக்கும் எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னாள். நோயின் பெயர், அது வந்த வழி, போகப்போகும் வழி, மருந்து இல்லாதது. குரல் ஒரு இடத்தில்கூட உடையவில்லை. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அவன் கேட்டுக்கொண்டான். "அதான் வீடு பூரா லைட்டா?" என்றான்.

"ம்."

"அப்போ நான் சின்னப் பையனா இருக்கும்போதே உனக்குத் தெரியும்."

"சந்தேகம். பாக்கல. பயம்."

"பொறக்கப்போறது?"

"பையனா இருந்தா உன்கிட்டேயிருந்து இது போகாது. பொண்ணா இருந்தா என்னை மாதிரி."

"உன்னை மாதிரின்னா?"

"அவளுக்கு நல்லாத் தெரியும். அவ பெத்துக்கிற பையன்களுக்கு..." அவள் நிறுத்தினாள். அவன் தலையாட்டினான். புரிந்தது என்றா, போதும் என்றா, அவளால் சொல்ல முடியவில்லை. கார் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தான். கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மரியாதையாக, ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பவன் போலக் கொடுத்தான்.

வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் ஓட்டினாள். அவன் பக்கத்தில் இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, வாத்தியார் அறைக்குக் கூப்பிட்ட பையன் மாதிரி உட்கார்ந்திருந்தான். கடைத்தெருவைத் தாண்டி, மதில் சுவர்கள் நிறைந்த சாலைக்குள் திரும்பியதும் கேட்டான்.

"அம்மா, இப்ப இடது பக்கம் யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க."

"யாரு?"

"ஒருத்தர் பெட்டியைத் தலைமேல வச்சுட்டு நடந்து போறார். பின்னாடி ஒரு பொம்பளை, கைக்குழந்தையோட. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு ஒருத்தன். சுவரோரமா உக்காந்து ரெண்டு பேர் பேசிட்டிருக்காங்க."

அவன் கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்தான். ஒருவேளை ஒருவராவது தெரிந்திருக்கலாம். திரும்பவும் நேராக உட்கார்ந்தான்.

"தினமும் இந்த ரோட்டுலதான் வர்றேன். இது ஆளே நடக்காத ரோடுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

அவள் ஓட்டினாள். எதிரே வந்த வண்டியின் வெளிச்சம் அவன் விரிந்த கண்மணியில் விழுந்ததும் முகத்தை மூடிக்கொண்டான். வண்டி கடந்தது. கையை எடுக்காமலே, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லு."

"போன மழைக்காலத்துல ஒரு நாள், முன்னாடி போன வண்டி சீக்கிரமாப் போயிடுச்சு. லைட்டை விட்டுட்டேன். சரி, வீடு கிட்டதானேன்னு அப்படியே வந்தேன். அந்தத் திருப்பத்துல ஒரு சத்தம் கேட்டுச்சு. இடது பக்கம். லேசாத்தான்."

"என்ன சத்தம்?"

"தெரியல. எதையோ ஒரசின மாதிரி. நிறுத்தி, இறங்கிப் பாத்தேன்மா. நல்லாத்தான் பாத்தேன். ஒண்ணும் இல்ல. நாயா இருக்கும்னு நினைச்சு வந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இருட்டா இருந்துச்சு" என்றான்.

"எந்தத் திருப்பம்?"

"பெரிய கேட் ஒண்ணு வரும். அதுக்கு எதிர்ல டீக்கடை. அங்கதான்."

பெரிய கேட் வந்தது. டீக்கடையில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதன் வெளிச்சம் சாலையின் பாதி வரைக்கும் வந்து, அதற்குமேல் வராமல் நின்றது. இடது பக்கம் ஆழமான ஒரு வாய்க்கால், ஓரத்தில் தடுப்பு எதுவும் இல்லை, புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. தங்கம் வேகத்தைக் குறைத்தாள். வீடு இன்னும் இரண்டு தெருவில்தான் இருந்தது. மருமகள் துணிகளை எடுத்து வைத்துவிட்டு வாசலில் காத்திருப்பாள்.

"அம்மா, போயிடலாம்" என்றான் மகன். "இப்ப கேட்டு என்ன செய்யப்போறோம்?"

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். விளக்கை அணைக்கவில்லை. டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு தலையைத் தூக்கிப் பார்த்தார். போன மழைக்காலத்தில் இங்கே யாருக்காவது ஏதாவது ஆச்சா என்று எந்தச் சொல்லில் ஆரம்பித்துக் கேட்பது என்று தெரியாமலே, தங்கம் கதவைத் திறந்து இறங்கினாள்.